1,800 தோட்டா நிரப்பி 820 தோட்டாவைப் பிரித்தோம்: கையிருப்பு அளவு பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

குறி சுடுதலுக்குக் கையால் நிரப்பும் தோட்டாக்களை எத்தனை கையிருப்பில் வைப்பது என்ற கேள்வி எங்கள் ரேஞ்சில் அடிக்கடி வரும். பெரும்பாலும் பணத்தையும் தட்டுப்பாட்டையும் வைத்தே பதில் சொல்வார்கள்: கிடைக்கும்போது நிரப்பி வை, பின்னால் கவலை இல்லை. ரேஞ்சின் பாதுகாப்புப் பொறுப்பில் இருக்கும் நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். கீழே உள்ள நிகழ்வுக்குப் பிறகு அப்படிச் சொல்வதில்லை. சம்பந்தப்பட்டவரின் ஒப்புதலோடு, பெயர் இல்லாமல் எழுதுகிறேன்.

பின்னணி

அவர் எங்களோடு சுடுகிற மூத்தவர்களில் ஒருவர். வயது ஐம்பதைக் கடந்தது. இருபது ஆண்டுகளுக்கு மேல் சுடுகிறார். அதில் பாதிக்காலம் தனக்கு வேண்டிய தோட்டாக்களைத் தானே நிரப்பிக்கொள்கிறார். சுட்டபின் மிஞ்சும் பித்தளைக் கூட்டில் (கேஸ்) பற்றவைக்கும் பிரைமரையும் பவுடரையும் முனையில் குண்டையும் புதிதாக வைப்பதுதான் நிரப்புதல் (ரீலோடிங்). கவனக்குறைவான ஆள் இல்லை. ஒவ்வொரு பவுடர் அளவையும் தராசில் வைத்துப் பார்ப்பவர், ஒரே நேரத்தில் மேசையில் இரண்டு வகைப் பவுடர் வைக்காதவர். இதை முதலிலேயே சொல்லக் காரணம் இருக்கிறது. நடந்ததற்குக் கவனக்குறைவே காரணம் என்று படிப்பவர்கள் எளிதாக ஒதுக்கிவிடக்கூடாது.

துப்பாக்கி, ஒவ்வொரு முறையும் பூட்டைக் கையால் திறந்து மூடும் வகை: 6.5 கிரீட்மோர் கேலிபரில் ஒரு போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள். 2007-இல் நீண்டதூரக் குறி சுடுதலை மனதில் வைத்தே அறிமுகமான தோட்டா இது. 300 மீட்டர் முதல் 900 மீட்டர் வரை அவர் போட்டிகளில் சுடுவார்.

2020-இல் பெருந்தொற்றோடு பிரைமர் தட்டுப்பாடு வந்தது. அவருக்கு ஐந்து மாதம் ஒரு பிரைமர்கூடக் கிடைக்கவில்லை. இரண்டு போட்டிகளை விட்டுக்கொடுத்தார். 2021 கடைசியில் பொருள் கிடைக்க ஆரம்பித்ததும், உரிமம் அனுமதித்த அளவுக்கு வாங்கி, குளிர்மாதங்களில் ஏழு வாரம் இரவு இரவாக உட்கார்ந்து 1,800 தோட்டா நிரப்பினார். ஐம்பது ஐம்பதாக 36 பிளாஸ்டிக் பெட்டிகள்.

எதற்கு 1,800 என்று பின்னால் கேட்டேன். “வருஷத்துக்கு 1,300 சுடுவேன் தம்பி. ஒன்றரை வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவா வருது” என்றார். மனக்கணக்கு. மாதம் இரண்டு பயிற்சி, ஆண்டுக்கு ஆறு போட்டி என்று வைத்துப் போட்டது. ரேஞ்ச் பதிவேட்டில் 2022-ஆம் ஆண்டைப் புரட்டிப் பார்த்தோம். 12 பயிற்சி நாள், நாளுக்கு 35 வீதம் 420. ஐந்து போட்டி, ஒன்றுக்கு 60 வீதம் 300. மொத்தம் 720. ஒன்றரை ஆண்டுக்குள் தீரும் என்று நிரப்பியது உண்மையில் இரண்டரை ஆண்டுச் சரக்கு. இந்த இடைவெளி அவருக்கு மட்டும் உரியது இல்லை. அதன் பிறகு கேட்டுப் பார்த்த ஒவ்வொருவரும் தான் சுடுவதைக் கூட்டியேதான் சொன்னார்கள்.

நிரப்பியபோது நடந்தவை

எல்லாம் நல்லபடி போன அந்த ஏழு வாரத்தில்தான் பிரச்சினையின் விதைகள் இருந்தன. அதனால் இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

அவரிடம் ஒரு பெரிய பவுடர் டப்பா, 8 பவுண்டு, இருந்தது. ஒரு பவுண்டு என்பது 7,000 கிரெய்ன். ஆக 56,000 கிரெய்ன். தோட்டாவுக்குச் சுமார் 40 கிரெய்ன் என்று வைத்தால் 1,400 தோட்டாவோடு டப்பா காலி. எந்தப் பவுடர், எந்தக் குண்டு, எத்தனை கிரெய்ன் துல்லியமாக என்பதை வேண்டுமென்றே இங்கே எழுதவில்லை. யாரும் இதிலிருந்து அளவு எடுக்கக்கூடாது. மீதி 400 தோட்டாவுக்கு அதே பெயர், அதே தயாரிப்பு, ஆனால் வேறு லாட் எண் (தயாரிப்புத் தொகுதி எண்) கொண்ட இன்னொரு டப்பாவைத் திறந்தார். அளவை மாற்றவில்லை.

லாட் மாறினால் அளவைக் குறைத்து மறுபடி படிப்படியாக ஏற வேண்டும் என்பது ரீலோடிங் கையேடுகள் எல்லாவற்றிலும் இருக்கும் விதி. அவருக்கும் தெரியும். ஆனால் அன்று அவர் பார்வையில் அது புது வேலை இல்லை, நடந்துகொண்டிருந்த வேலையின் தொடர்ச்சி. 1,400 தோட்டாவை ஒரே அளவில் நிரப்பிய கை, 1,401-ஆவதையும் அதே அளவில் நிரப்பியது. ஐம்பதோ நூறோ நிரப்புகிறவர் ஒவ்வொரு முறையும் புதிதாகத் தொடங்குகிறார். புதிதாகத் தொடங்கும்போது டப்பாவின் சீட்டைப் படிக்கிறார். பெரிய எண்ணிக்கை அந்தப் பழக்கத்தைத் தின்றுவிடுகிறது.

அளவும் உச்சவரம்புக்குக் கொஞ்சம்தான் கீழே. குளிர்மாதத்தில் சோதித்து, குளிர்மாதத்தில் முடிவுசெய்தது; வெயில் ஏறினால் அழுத்தமும் ஏறும்.

பெட்டிகளின் மேல் கேலிபரும் குண்டின் எடையும் மட்டும் எழுதினார். தேதி இல்லை, லாட் எண் இல்லை. எல்லாம் மாடி அறையில், கூரைக்கு நேர் கீழே உள்ள இரும்பு அலமாரிக்குப் போயின. அதே அலமாரியின் கீழ்த்தட்டில் துப்பாக்கி துடைக்கும் சாமான்கள், அவற்றில் பேரலில் (துப்பாக்கிக் குழல்) படியும் செம்பைக் கரைக்கும் திரவம் ஒரு புட்டி.

முதல் பன்னிரண்டு மாதம்

நன்றாகவே சுட்டார். குண்டின் வேகம் அளக்கும் குரோனோகிராஃபில் சராசரி வேகம் நொடிக்கு 823 மீட்டர், பத்துத் தோட்டாவில் மிக வேகமானதற்கும் மெதுவானதற்கும் இடையே 9 மீட்டர். 100 மீட்டரில் ஐந்து குண்டு 12 மில்லிமீட்டருக்குள். கோடையிலும் சுட்டார், ஒரு குறையும் இல்லை. அந்த நம்பிக்கைதான் பின்னால் எங்கள் எல்லாரையும் தவறான பக்கம் பார்க்க வைத்தது: போன கோடையில் சரியாக இருந்த தோட்டா இந்தக் கோடையில் எப்படிக் கெடும்?

போட்டிக்கு முன் பாதி காலியான பெட்டிகளை மற்றப் பெட்டிகளிலிருந்து எடுத்து நிரப்பிக்கொள்ளும் வழக்கம் அவருக்கு இருந்தது. யாரும் செய்வதுதான். அதில் இரண்டு லாட்டும் கலந்தன.

இரண்டாம் ஆண்டு: குறி கலையத் தொடங்கியது

பன்னிரண்டு மில்லிமீட்டர் இருபத்திரண்டானது. 600 மீட்டரில் உயரவாக்கில் சிதறியது. கண்ணாடியை மாற்றிப் பார்த்தார், ஸ்கோப்பின் திருகுகளை இறுக்கினார், தன் மூச்சையும் விரலையும் சந்தேகப்பட்டார். இரண்டு மாதம் காலி ரைஃபிளில் ட்ரிகர் பயிற்சி செய்தார். தோட்டாவை அவர் சந்தேகப்படவே இல்லை; அது அதே தோட்டாதானே.

தோட்டா மாறவில்லை, பேரல் மாறியிருந்தது. தோட்டா உட்காரும் சேம்பருக்கு முன்னால், குண்டைச் சுழல வைக்கும் பள்ளங்கள் (ரைஃப்ளிங்) தொடங்கும் இடத்தைத் தொண்டை என்போம். ஒவ்வொரு முறை சுடும்போதும் பவுடர் எரிந்து வரும் சூடான வாயு அந்த இடத்தைச் சிறிது அரிக்கும். ரைஃப்ளிங் தொடங்கும் விளிம்பு முன்னோக்கி நகரும். நிரப்பியபோது குண்டுக்கும் அந்த விளிம்புக்கும் இடைவெளி அரை மில்லிமீட்டர் இருக்குமாறு அவர் பொருத்தியிருந்தார். பின்னால் அளந்தபோது 1.2 மில்லிமீட்டர். அந்த ரைஃபிள் இந்தத் தோட்டாக்களுக்கு முன்பே 1,100 சுட்டது. இப்போது இன்னும் 900 சொச்சம். இந்தக் கேலிபரில் போட்டிக்கான துல்லியம் பேரலுக்கு 2,000 முதல் 3,000 சுடுதல் வரை நிற்கும் என்பதே சுடுபவர்களின் பொதுவான அனுபவம். அதாவது பேரலின் நடுவயதில், அதன் மீதி ஆயுள் முழுவதற்குமான தோட்டாவை ஒரே நீளத்தில் தைத்து வைத்துவிட்டார். வளரும் பிள்ளைக்கு ஐந்து வருடத்துக்கான சட்டையை ஒரே அளவில் தைத்த மாதிரி.

நிகழ்வு நடந்த நாள்

நிரப்பி ஏறக்குறைய பதினாறு மாதம். காற்றின் வெப்பம் 39 டிகிரி. தோட்டாப் பெட்டி நிழலில்லாத மேசையில் திறந்து கிடந்தது. பதின்மூன்று முறை சுட்டபின் காற்று திசை மாறிக்கொண்டிருந்தது. பதினான்காவது தோட்டாவைச் சேம்பரில் ஏற்றிவிட்டு, கொடி அடங்கட்டும் என்று இரண்டு நிமிடத்துக்கு மேல் காத்திருந்தார். சூடான சேம்பருக்குள் தோட்டா வெந்துகொண்டிருந்தது என்றே சொல்லலாம்.

சுட்டார். சத்தத்தில் வித்தியாசம் இல்லை. போல்ட் கைப்பிடியைத் தூக்கினார், வரவில்லை. உள்ளங்கையின் அடிப்பகுதியால் மேல்நோக்கித் தட்டினார். இரண்டாவது தட்டில் ஒரு ‘க்ரிக்’ சத்தத்தோடு விடுபட்டது. நான் இரண்டு மேசை தள்ளி நின்றேன்; அந்தச் சத்தம் கேட்டுத்தான் வந்தேன்.

கேஸை வாங்கிப் பார்த்தேன். அடிப்பகுதியில் போல்டில் கேஸை வெளியே தள்ளும் எஜெக்டரின் துளை வடிவம் பிறைபோலப் பளபளவென்று அச்சாகியிருந்தது. பிரைமரின் வட்டமான ஓரம் தட்டையாகி, பள்ளத்தின் விளிம்புவரை பரவியிருந்தது. அழுத்தம் அளவு மீறியதற்கு இவை நன்றாகத் தெரிந்த அடையாளங்கள். முன்னால் சுட்ட பதின்மூன்று கேஸையும் வரிசையாக வைத்தோம். முதல் எட்டில் ஒன்றுமில்லை. ஒன்பதாவதிலிருந்து பிறை மங்கலாக ஆரம்பித்து ஒவ்வொன்றிலும் தெளிவானது. ஐந்து தோட்டா நேரம் துப்பாக்கி சொல்லிக்கொண்டிருந்தது. கேஸை எடுத்துப் பார்க்காமல் பையில் போட்டுக்கொண்டிருந்தார்.

“இன்னும் ரெண்டு மட்டும் அடிச்சுப் பார்க்கட்டுமா தம்பி? இது ஒண்ணு மட்டும் கோளாறா இருக்கலாம்” என்றார்.

“வேண்டாம் சார். ஒண்ணு இல்ல, ஆறு” என்றேன்.

முதல் முடிவுகள்

அன்று மூன்று முடிவு எடுத்தோம். அந்த ரைஃபிளில் அன்று இனிச் சுடுவதில்லை. பேரலையும் போல்ட் பூட்டையும் துப்பாக்கி பழுதுபார்ப்பவர் சோதிக்கும்வரை அது பூட்டிலேயே இருக்கும். வீட்டில் இருக்கும் மீதி 860 தோட்டாவும், எந்தப் பெட்டி ஆனாலும், சந்தேகத்துக்குரியவையே.

மூன்றாவது முடிவில்தான் வாதம் வந்தது. சந்தேகத்துக்குரிய லாட்டை மட்டும் ஒதுக்கலாமே என்று அவர் கேட்டார். எது அந்த லாட் என்று நான் கேட்டேன். பதில் இல்லை. 36 பெட்டிக்கும் ஒரே சீட்டு. இருபது நொடியில் எழுதியிருக்கக்கூடிய ஒரு லாட் எண் இல்லாததால், நல்ல தோட்டாவும் கெட்ட தோட்டாவும் ஒன்றாகிவிட்டன.

பழுதுபார்ப்பவர் ரைஃபிளில் விரிசலோ பூட்டுத் தேய்மானமோ இல்லை என்றார். தொண்டை அரிப்பை அளந்து சொன்னவரும் அவரே.

ஆய்வில் கண்டவை

மீதி இருந்த 18 பெட்டியிலிருந்தும் மூன்று மூன்றாக 54 தோட்டாவைப் பிரித்தோம். பவுடர் எடை எல்லாவற்றிலும் சரி, 0.1 கிரெய்ன் கூடுதல் குறைவு மட்டுமே. ஆக, அதிகமாக ஊற்றியதால் வந்த கோளாறு இல்லை. பவுடர் கெட்டுவிட்டதா என்றும் பார்த்தோம். புகையில்லாப் பவுடரின் அடிப்படை நைட்ரோசெல்லுலோஸ். அது காலப்போக்கில் தானே சிதையும், அதைத் தடுக்க டைஃபினைலமைன் போன்ற நிலைநிறுத்திகளைச் சேர்த்திருப்பார்கள். வெப்பத்தில் வைத்தால் அவை சீக்கிரம் தீரும். கெட்ட பவுடரில் மூக்கைச் சுருக்க வைக்கும் அமில நெடி வரும், செம்பழுப்புத் தூசியோ புகையோ தெரியும், கேஸின் உட்புறம் பச்சை பிடிக்கும். இங்கே எதுவும் இல்லை. பதினாறு மாதம் அதற்குக் குறைவான காலம்.

ஒரு குளிர்ந்த காலையில், 24 டிகிரியில், நான்கு பெட்டியிலிருந்து பத்துப் பத்தாகச் சுட்டு வேகம் பார்த்தோம். ஒவ்வொரு கேஸையும் பார்த்துவிட்டே அடுத்தது. இரண்டு பெட்டி 822-ஐ ஒட்டியும் மற்ற இரண்டும் 836-ஐ ஒட்டியும் வந்தன. வேகமான பெட்டிகளுக்குள்ளேயே ஏற்ற இறக்கம் 24 மீட்டர். இரண்டாவது டப்பாவில் மீதமிருந்த பவுடரைக் கொண்டு அதே அளவில் பத்து புதிதாக நிரப்பிச் சுட்டபோது 833 வந்தது, ஏற்ற இறக்கம் 11. பத்துத் தோட்டாவை வைத்து உறுதியாகச் சொல்ல முடியாதுதான். என்றாலும் இரண்டாவது லாட் வேகமானது என்பதில் சந்தேகம் இல்லை. போன கோடை அமைதியாகக் கழிந்ததற்கும் காரணம் புரிந்தது: அப்போது சுட்டவை பெரும்பாலும் முதல் லாட்.

ஏற்ற இறக்கம் புதியதில் 11, பழையதில் 24 என்பதற்கு வேறொரு காரணம். இருபது தோட்டாவை எடுத்து, குண்டை 0.2 மில்லிமீட்டர் மட்டும் உள்ளே அழுத்துமாறு பிரஸ்ஸை (தோட்டா நிரப்பும் நெம்புகோல் கருவி) அமைத்தோம். நெம்புகோலை இறக்கும்போது இருபதில் பதினொன்று ‘டிக்’ என்று சிறு ஒலி எழுப்பியபின் நகர்ந்தன. மீதி ஒன்பது ஒலியில்லாமல் போயின. மாதக்கணக்கில் கிடக்கும்போது கேஸின் கழுத்தும் குண்டின் செம்புப் போர்வையும் ஒட்டிக்கொள்கின்றன. நன்றாகத் துடைத்த, எண்ணெய்ப்பசையே இல்லாத கழுத்தில் இது அதிகம். ஒட்டிய குண்டு விடுபட அதிக விசை வேண்டும், தொடக்க அழுத்தம் ஏறும், ஒன்றுக்கொன்று வேகம் மாறும். 600 மீட்டரில் உயரவாக்கில் சிதறியது இதனால்தான். அந்த ‘டிக்’ சத்தத்தை ஒருமுறை காதால் கேட்டவர்கள் போட்டித் தோட்டாவை ஓராண்டு முன்னால் நிரப்பி வைக்க யோசிப்பார்கள்.

ஏழு கேஸில் கழுத்தில் மயிரிழை வெடிப்பு இருந்தது. ஏழும் கீழ்த்தட்டுக்கு நேர் மேலே இருந்த இரண்டு பெட்டியில். கீழ்த்தட்டுப் புட்டியின் மூடி சரியாகப் பூட்டியிருக்கவில்லை. செம்பு கரைக்கும் திரவங்கள் பலவற்றில் அம்மோனியா உண்டு. தோட்டாப் பித்தளை 70 சதவீதம் செம்பு, 30 சதவீதம் துத்தநாகம். அழுத்தத்தில் இழுபட்டு நிற்கும் இந்தப் பித்தளையை அம்மோனியா வெடிக்க வைக்கும். இது பழைய பாடம்: ஆங்கிலேயர் காலத்து இந்தியப் படைகளின் தோட்டாக்கள் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்திருந்தபோது வெடித்துப்போயின; குதிரைச் சிறுநீரிலிருந்து எழுந்த அம்மோனியாவும் பித்தளையில் தங்கியிருந்த இழுவிசையும் சேர்ந்தே காரணம் என்று 1921-இல் விளக்கம் கிடைத்தது. எங்கள் ஏழு கேஸும் பலமுறை சுட்டு இறுகியவை என்பதால் அம்மோனியாவை மட்டும் குற்றவாளியாக்க முடியாது. ஆனால் ஏழும் அந்த இரண்டு பெட்டியிலேயே இருந்தன.

சேர்த்துப் பார்த்தால், உச்சத்துக்கு அருகே குளிரில் முடிவுசெய்த அளவு, வேகமான லாட், ஒட்டிக்கொண்ட குண்டு, 39 டிகிரி வெயில், சூடான சேம்பரில் இரண்டு நிமிடம். தனியாக வந்திருந்தால் எதுவும் போல்டைப் பிடித்திருக்காது. தொண்டை அரிப்பு இதில் சேராது. குண்டு அதிக தூரம் தாண்டுவது பொதுவாகத் தொடக்க அழுத்தத்தைக் குறைக்கவே செய்யும். அது குறியைக் கலைத்தது, அவ்வளவுதான்.

பிரிப்பதா, வைத்திருப்பதா

கையில் இன்னும் 766 தோட்டா. மூன்று வழி பேசினோம். குளிரான நாட்களில் மட்டும் சுட்டுத் தீர்ப்பது ஒன்று. வேகத்தை வைத்துப் பெட்டிகளைப் பிரிப்பது இன்னொன்று. எல்லாவற்றையும் பிரித்தெடுப்பது மூன்றாவது.

முதல் வழியை நான் ஏற்கவில்லை. குளிர்நாளுக்கென்று ஒதுக்கிய பெட்டி ஒருநாள் கோடைப் பையில் ஏறும். அவர் ஏற்றாவிட்டாலும் அவரிடம் கடன் வாங்கியவர் ஏற்றுவார். இரண்டாவது, ஒரே பெட்டிக்குள் இரண்டு லாட் கலந்திருக்கும்போது அர்த்தமில்லாதது. அவருக்கு மனம் வரவில்லை. ஏழு வார இரவுகள் அந்த அலமாரியில் இருந்தன. இரண்டு நாள் கழித்து அவரே கூப்பிட்டு, “சனிக்கிழமை வா, ஆரம்பிச்சிடலாம்” என்றார்.

குண்டை உருவும் சுத்தியல் வகைப் புல்லரில் 766 என்பது நடக்காத காரியம். பிரஸ்ஸில் பொருத்தி, குண்டைக் கவ்வி இழுக்கும் கோலெட் புல்லரில் மணிக்கு அறுபது வரும் என்று கணக்கிட்டோம். ஒட்டிக்கொண்டவற்றை முதலில் உள்ளே அழுத்தி விடுவித்தபிறகே இழுக்க முடிந்ததால் மொத்தம் பத்தொன்பது மணி நேரம், நான்கு வார இறுதி.

முதலில் பிரித்த 54-ஐயும் சேர்த்து 820 தோட்டாவின் பவுடர், 32,800 கிரெய்ன், இரண்டு கிலோவுக்குச் சற்று மேல். எது எந்த லாட் என்று தெரியாததால் ஒரு கிரெய்னும் திரும்ப டப்பாவுக்குப் போகவில்லை. தயாரிப்பாளர் கையேடு சொன்ன முறையில் அழித்தோம். குண்டுகளில் கோலெட்டின் மெல்லிய தடம் இருந்தது, அவை பயிற்சிக்கு. வெடிப்பில்லாத கேஸ்களைப் பிரைமரோடு அப்படியே வைத்துக்கொண்டார்.

புதிய அளவு

மேசையில் கடைசிக் கேஸை வைத்தபிறகுதான் எத்தனை வைத்திருக்கலாம் என்று பேச உட்கார்ந்தோம். நான் கேட்டது ஒன்றே: “சார், நாளைக்கு ஒரு தப்பு தெரிஞ்சா, எத்தனையை ஒரே ராத்திரில பிரிச்சு முடிப்பீங்க?” அவர் யோசித்து, இருநூறு என்றார். அதுவே உச்சவரம்பு ஆனது.

இருநூறு வேறு கணக்குகளுக்கும் பொருந்தியது. பதிவேட்டின்படி மாதம் 60. இருநூறு மூன்று மாதத்துக்குச் சற்று அதிகம். அதற்குள் தொண்டை குறிப்பிடத்தக்க அளவு நகராது, பருவம் ஒன்றுக்கு மேல் மாறாது, குண்டு ஒட்டிக்கொள்ள அவகாசம் குறைவு. நூறு நூறாக இரண்டு தொகுதி. ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒரு சீட்டு: தேதி, பவுடர் லாட், பிரைமர் லாட், குண்டு லாட், கேஸ் எத்தனையாவது முறை, அன்றைய தொண்டை அளவு, சோதித்த நாளின் வெப்பம். தொகுதி மாறி ஒரு தோட்டாகூட அடுத்த பெட்டிக்குப் போகக்கூடாது. பாதிப் பெட்டி பாதியாகவே போட்டிக்குப் போகட்டும்.

தட்டுப்பாட்டின் பயம் நியாயமானது, அதை நான் மறுக்கவில்லை. அதற்கு நிரப்பிய தோட்டா மருந்து இல்லை, நிரப்பாத பொருள்தான். பிரைமரும் பவுடரும் குண்டும் தனித்தனியாக, அசல் பொதியில், குளிர்ந்த உலர்ந்த இடத்தில் இருந்தால் எந்தப் பேரலுக்கும் எந்தப் பருவத்துக்கும் அப்போது பொருத்திக்கொள்ளலாம். ஓராண்டுக்கு 720 சுடுபவருக்கு ஆயிரம் பிரைமர், ஒரே லாட்டில் ஆயிரம் குண்டு, ஒரே லாட்டில் ஒரு பெரிய டப்பா பவுடர். பவுடரை மட்டும் ஆண்டுக் கணக்கில் பார்க்காமல் பேரல் கணக்கில் பார்க்கச் சொன்னேன்: பேரலின் மீதி ஆயுளுக்கு ஒரே லாட் கையில் இருந்தால் நடுவில் லாட் மாறும் சங்கடமே வராது.

எவ்வளவு வைத்திருக்கலாம் என்ற சட்ட வரம்பு நாட்டுக்கு நாடு, உரிமத்துக்கு உரிமம் வேறு. அமெரிக்காவின் தேசியத் தீத்தடுப்புச் சங்கத்தின் 495-ஆம் விதித்தொகுப்பு வீட்டில் அசல் டப்பாக்களில் 20 பவுண்டு பவுடர், 10,000 பிரைமர் என்று சொல்கிறது. இதைவிட மிகக் குறைவாக அனுமதிக்கும் இடங்களும் உண்டு. நிரப்பிய தோட்டாவுக்கும் தனி எண்ணிக்கை வரம்பு இருக்கலாம். முதலில் உரிமத்தைப் படிக்க வேண்டும், அதற்குள் அடங்கியதே மேலே சொன்ன கணக்கெல்லாம். பவுடரைக் காற்றுப் புகாத கனத்த இரும்புப் பெட்டிக்குள் இறுக்கிப் பூட்டுவதும் தவறு. தீப்பிடித்தால் அழுத்தம் வெளியேற வழியில்லாத பெட்டிதான் வெடிக்கும்.

கைத்துப்பாக்கிக்கு இந்த இருநூறு பொருந்தாது. 25 மீட்டர் சென்டர் ஃபயர் பிஸ்டல் போட்டி ஒன்றுக்கே 30 துல்லியம், 30 வேகம் என அறுபது வேண்டும், சோதனைச் சுடுதல் தனி. ஈயக் குண்டு, மிதமான அழுத்தம், தொண்டை அரிப்பு பெரிதாக இல்லை. அவருடைய பிஸ்டலுக்கு ஐநூறு வரை சம்மதித்தேன். சீட்டு விதி மட்டும் அதேதான்.

பின்னர் நடந்தவை

புதிய பேரல் மாட்டினார். புதிய அளவை உச்சத்திலிருந்து நன்றாகக் கீழே, வெயில்நாளில் சோதித்து முடிவுசெய்தார். மேசையில் தோட்டாப் பெட்டிக்கு ஒரு வெள்ளைத் துணி போர்த்துகிறார். காற்றுக்காகக் காத்திருக்க வேண்டியிருந்தால் தோட்டாவை வெளியே எடுத்துவிடுகிறார். 100 மீட்டரில் மறுபடி 13 மில்லிமீட்டர்.

ஒரு சறுக்கலும் நேர்ந்தது. நான்காவது மாதம் ஒரு போட்டிக்கு முந்தின நாள் எண்ணிப் பார்த்தால் 48 தோட்டாதான். அன்று இரவு அவசரமாக நாற்பது நிரப்பினார். நிரப்பும் வேலையில் அவசரம் எத்தனை ஆபத்து என்பது அவருக்கே தெரியும். மறுநாள் என்னிடம் வந்து தானே சொன்னார். மேல்வரம்பு மட்டும் வைத்தது என் தவறு. இப்போது கீழ்வரம்பு எண்பது: அதற்குக் கீழே போனால் அந்த வாரமே ஒரு தொகுதி நிரப்ப வேண்டும், போட்டிக்கு மூன்று நாள் இருக்கும்போது பிரஸ்ஸைத் தொடக்கூடாது.

மீண்டும் நடந்தால் மாற்றுவது

நான் மாற்றுவது ஒன்று உண்டு. சந்தேகத்துக்குரிய பெட்டிகளிலிருந்து நாற்பது தோட்டாவைச் சுட்டு வேகம் பார்த்தோமே, அதைச் செய்திருக்கக்கூடாது. குளிர்நாள், ஒவ்வொன்றாக, கேஸைப் பார்த்து என்று எவ்வளவு எச்சரிக்கை சொல்லிக்கொண்டாலும், எப்படியும் எல்லாவற்றையும் பிரிக்கப்போகிறோம் என்றால் தெரிந்துகொள்ளும் ஆசைக்காகச் சுட்டதாகவே ஆகிறது. இரண்டாவது டப்பாவிலிருந்து குறைந்த அளவில் தொடங்கிப் புதிதாக நிரப்பிச் சோதித்திருந்தாலே லாட்டின் வேகம் தெரிந்திருக்கும்.

ரேஞ்சிலும் ஒன்றை மாற்றினோம். சுட்ட கேஸைப் பையில் போடாமல், சுட்ட வரிசையிலேயே மேசைமேல் நிறுத்தி வைக்க வேண்டும். ஒன்பதாவது கேஸின் பிறை அன்று பையின் இருட்டில் கிடந்தது.

புதிய பவுடர் லாட்டில் அவர் இருபது தோட்டாவைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறார். பத்தின் கழுத்து உட்புறம் நன்றாகத் துடைத்தது, பத்தில் சுட்ட கரி அப்படியே விட்டது. பன்னிரண்டு மாதம் கழித்து இரண்டையும் பிரஸ்ஸில் வைத்து எத்தனை ‘டிக்’ என்கிறது என்று கேட்கப்போகிறோம். சீட்டில் தேதி எழுதியிருக்கிறது. இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது.